மலையடிவாரச் சீமைகள் – 9: அரண்மனைக்கு மேலே ஒரு காடு

சென்ற இதழில் கண்டமனூரில் இருந்தோம். வருசநாட்டுப் பள்ளத்தாக்கும் அதைச் சூழ்ந்த காடும் ஒரே ஜமீனின் கைக்குள் கிடந்த கதை அது. அங்கிருந்து தேனியைக் கடந்து மேற்கே போடிநாயக்கனூருக்கு வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. போடி ஜமீனுக்கு இருந்தது மலையின் கிழக்குச் சரிவு. உச்சியில் மழைநீர் இரண்டாகப் பிரியும் கோட்டைத் தாண்டினால் திருவிதாங்கூர் மகாராஜாவின் நாடு. போடிக்குப் பெயரையும் பணத்தையும் கொண்டுவந்த ஏலமோ பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் விளைந்தது. சீமை ஒருவருடையது, காடு வேறொருவருடையது, காட்டில் போட்ட முதலும் சிந்திய வேர்வையும் அடிவாரத்து ஊர்களுடையது. போடியின் தோட்டங்களைப் பற்றி எழுத வருகிறவர் முதலில் இந்தச் சிக்கலுக்குள் இறங்கியாக வேண்டும்.

ஜமீன் தோட்டம் என்றால் சிலருக்கு நீரூற்றும் புல்தரையும் பளிங்குச் சிலையும் நினைவுக்கு வரும். போடி அரண்மனைக்குப் போகிறவர் அவற்றைத் தேடி அலைய வேண்டாம். அரண்மனையின் பெருமை அதன் சுவரோவியங்கள். இராமாயணத்தைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். வனம் இல்லாமல் இராமாயணம் ஏது? சுவரில் எழுதிய காடு உள்ளே, எழுதாத காடு வெளியே. ஊரின் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை கண்ணை மறிக்கும். அந்த மலைச்சரிவுதான் இந்தச் சீமையின் தோட்டம். அது ஒரு படிக்கட்டு போல அமைந்தது: கீழ்ப்படியில் கண்மாயும் நெல்லும், அதற்கு மேல் மாவும் புளியும் இலவமும், அதற்கும் மேல் காப்பி, மேற்படியில் ஏலம், உச்சியில் தேயிலையும் புல்வெளியும். ஊர் சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாலை வழியே இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம் ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு 1,300 மீட்டருக்கு மேல். காலையில் கீழே வேர்த்துக் கிளம்பியவர் பத்து மணிக்கு மேலே போர்வை கேட்பார்.

இந்தச் சரிவுக்கு நாயக்கர்கள் வந்து சேர்ந்த கதையை ஜமீன் மரபு இப்படிச் சொல்கிறது. ஆந்திரத்துக் கூத்திப் பக்கம் இருந்து, படையெடுப்புக்கு அஞ்சித் தெற்கே வந்தவர் சக்கு நாயக்கர். காலம் 14-ஆம் நூற்றாண்டு. யாரும் நெருங்கத் துணியாத ஒரு காட்டுப்பன்றியைக் கொன்று மலைநாட்டு அரசரின் மனத்தில் இடம்பிடித்தார், நிலமும் பெற்றார். பின்னாளில் மதுரை விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுபத்திரண்டு பாளையங்களில் ஒன்றாக இது அமைந்தது. பன்றிக் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனக்கு அதில் பிடித்தது வேறு: ஒரு பாளையத்தின் பிறப்புக் கதையிலேயே காட்டு விலங்கும் மலைநாட்டு அரசரும் இருக்கிறார்கள். மதுரைக்குக் கப்பம் கட்டிய பாளையம், தன் பிறப்பைச் சொல்லும்போது மேற்கே திரும்பி மலையைக் காட்டுகிறது.

*

கீழ்ப்படியில் இருந்து தொடங்குவோம். போடிக்கு நீர் தருவது கொட்டகுடி ஆறு. குரங்கணிக்கு மேலே சோலைகளில் ஊறும் ஓடைகள் ஒன்று சேர்ந்து இறங்கி, முந்தல் வழியாக ஊரைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடி, தேனிப் பக்கம் போய் வைகைப் படுகையில் கலக்கின்றன. நீளம் குறைந்த ஆறுதான். ஆனால் செங்குத்தாக இறங்குவதால் மேலே ஒரு நாள் கொட்டினால் கீழே ஒரு மணி நேரத்தில் முரட்டு வெள்ளம் வரும், மழை நின்றால் மறுநாளே கணுக்கால் நீராகிவிடும். இப்படிப்பட்ட ஆற்றை வைத்துக்கொண்டு நெல் விளைவிக்க ஒரே வழி, வரும்போது பிடித்து வைப்பது. அணைப்பிள்ளையார் தடுப்பணையும் பங்காருசாமி குளமும் சங்கரப்பன் கண்மாயும் மீனாட்சியம்மன் கண்மாயும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஒன்று நிரம்பிய பிறகு அடுத்ததற்கு நீர் போகும். மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஒரு நீர்பாய்ச்சி, கரையைச் செப்பனிடக் குடிமராமத்து, விளைச்சலில் அரண்மனைக்கு ஒரு பங்கு என்பதே பாண்டி நாட்டுக் கண்மாய்களின் பொது வழக்கம்.

இந்த ஊருக்கு மழை வரும் விதமே தனி. ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். இந்தப் பக்கம் காற்றும் சாரலும் மட்டும். மேகம் மெட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும், இறங்குவதற்குள் கரைந்துவிடும். போடியின் சொந்த மழை ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கில் இருந்து வருவது. ஆனாலும் மலைமேல் சோலைகள் ஆடி மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓடைகளில் கசியவிடும். ஆகவே கீழே கண்மாயின் உயிர் மேலே சோலையில் இருந்தது. ஜமீன் காலத்தில் இதை எவரும் எழுதி வைக்கவில்லை என்றாலும் வயலில் நின்ற குடியானவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

வயலைத் தாண்டினால் மானாவாரி மேடு. முந்தல் சாலையின் இருபுறமும் சிறைக்காடு, மேலப்பரவு, வடக்குமலைப் பக்கங்களிலும் மாந்தோப்புகள். தையில் பூத்து, சித்திரையில் பறிப்புக்கு வரும். புளி, எலுமிச்சை, தென்னை எல்லாம் உண்டு. ஆனால் இந்தப் படியின் உண்மையான நாயகன் இலவம். தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, கல்லிலும் நிற்கும். இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டைக் கிளையில் பூக்கும். இரவில் வௌவால்கள் வந்து தேன் குடித்து மகரந்தம் சுமந்து போகும். மாசி, பங்குனியில் காய் முற்றும். வெடிப்பதற்கு முன்பே பறித்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் காற்று அறுவடை செய்துவிடும். போடியின் மெத்தை, தலையணைத் தொழில் இந்த மரத்தின் மேல் எழுந்தது. ஏலத்தின் மணத்தில் எல்லாரும் மயங்கியதால் இலவத்தைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை. கல்யாணச் சீரில் போடி மெத்தை போன வீடுகள் தென்மாவட்டங்களில் எத்தனையோ இருக்கும். இன்று ரப்பர் நுரை மெத்தை வந்து அந்தப் பிழைப்பைச் சுருக்கிவிட்டது.

இதற்கு மேல் மலைக்கிராமங்கள். கொட்டகுடி, குரங்கணி, முதுவாக்குடி, அகமலை, ஊத்துக்காடு, ஊரடி, குறவன்குழி. காப்பியும் மிளகும் பலாவும் இங்கே. சாலை எட்டாத சில ஊர்களுக்கு அண்மைக் காலத் தேர்தல்களிலும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில் போயின. ஜமீன் காலத்தில் உப்பும் நெல்லும் மேலே போன அதே முறை. இங்கே நெடுங்காலமாக வாழ்கிறவர்கள் முதுவரும் பளியரும். முதுவர் தங்கள் முன்னோர் மதுரையில் இருந்து, மீனாட்சியம்மன் சிலையை முதுகில் சுமந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்வார்கள். மதுரையில் ஆட்சி மாறிய காலத்தில் போடி வழியாகவே வந்ததாக அவர்கள் வழக்கு. இதையும் சக்கு நாயக்கர் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே ஓடிவந்தவர்களின் கதை. ஒரு கூட்டம் அடிவாரத்தில் நின்று ஆட்சி அமைத்தது. இன்னொரு கூட்டம் நிற்காமல் மேலே ஏறிப் போய்விட்டது.

*

இனி ஏலம். இந்தச் செடியை அறியாமல் போடியின் வரலாறு விளங்காது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஏலம் வெயிலுக்கு ஆகாது. பெருமரங்களின் நிழலில், இலைமட்கு நிறைந்த ஈரமண்ணில், 600 முதல் 1,500 மீட்டர் வரையுள்ள உயரத்தில், ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்குக் குறையாத மழையில் வளரும். இஞ்சிக் குடும்பம். ஆளைவிட உயரமாகத் தட்டைகள் எழும். ஆனால் பூ மேலே வராது. தூரில் இருந்து சரம் கிளம்பி மண்ணை ஒட்டிப் படரும், அதில்தான் பூவும் காயும். வெள்ளைப் பூ, நடுவிதழில் ஊதாக் கோடுகள். விடியலில் விரியும், அன்றைய பொழுதுக்குள் தேனீ வந்தாக வேண்டும், வராவிட்டால் அந்தப் பூ வீண். பூவில் இருந்து முற்றிய காயாக ஏறக்குறைய நான்கு மாதம். எல்லாச் சரமும் ஒன்றாக முற்றாது. அதனால் ஆடியில் தொடங்கித் தை, மாசி வரை மாதம் ஒரு சுற்று என்று திரும்பத் திரும்பக் குனிந்து, முற்றியதை மட்டும் தடவிப் பார்த்துப் பறிக்க வேண்டும். இயந்திரம் நுழைய முடியாத வேலை. அன்றும் இன்றும் இதைச் செய்வது பெரும்பாலும் அடிவாரத்துப் பெண்கள்.

பழைய முறையில் ஏலத்தை யாரும் 'பயிரிட்டது' இல்லை. காட்டில் தகுந்த இடம் பார்த்து, அடிக்காட்டை வெட்டி, ஓரிரு பெருமரங்களைச் சாய்ப்பார்கள். வெளிச்சம் ஓர் அளவு உள்ளே இறங்கும். மண்ணுக்குள் உறங்கிய விதைகள் அடுத்த மழையில் தாமாக முளைக்கும். மரம் விழுந்த அதிர்ச்சியில்தான் ஏலம் முளைக்கிறது என்று அக்காலத்தவர் நம்பினார்கள். அதிர்ச்சியோ வெளிச்சமோ, மூன்றாம் ஆண்டில் காய் வந்தது. அவர்களுக்கு அது போதும். காட்டை முழுவதும் அழித்தால் செடி கருகும், முழுவதும் விட்டால் காய்க்காது. இந்த நடுவழியைக் கற்றுக்கொண்டவர்கள் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள். போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம், கூடலூரில் இருந்து அந்தந்த மெட்டு வழியே ஏறி, சில மாதம் மேலே குடிசை போட்டுத் தங்கி, காயோடு இறங்கினார்கள்.

ஆனால் காயோடு இறங்குவது அவ்வளவு எளிதாக இல்லை. ஏலம் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைப் பொருள். யார் விளைவித்தாலும் காயை அரசிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அரசு தன் கணக்குப்படி குடிகளுக்குப் பங்கு தரும். சரக்கு மலையில் இருந்து மேற்கே ஆலப்புழைப் பண்டகசாலைக்குப் போய், அங்கே ஏலம் விடப்படும். விளைவித்தவர் வீடோ கிழக்கே, காலடியில், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். அங்கே ஆங்கிலேயர் ஆட்சி; சந்தை விலை கூடுதல். ஓர் இரவில் இறங்கிவிடலாம். இப்படி ஒரு நிலைமையை உண்டாக்கிவிட்டுக் கள்ளக்கடத்தல் நடக்கிறது என்று அரசு அலுத்துக்கொண்டது. மெட்டுகளில் காவல் போட்டார்கள். காட்டில் ஒற்றையடிப் பாதை எத்தனை என்று காவல்காரருக்குத் தெரிந்ததைவிடக் காயைச் சுமந்தவருக்குக் கூடுதலாகத் தெரியும். என் கணிப்பில், போடிக்கடைகளின் ஆரம்ப முதலில் இந்த இரவுப் பயணங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கணக்குப் புத்தகத்தில் ஏறாத முதல் அது.

1860-களின் இறுதியில் ஏலமலைகளுக்கென்றே ஓர் அதிகாரியைத் திருவிதாங்கூர் அமர்த்தியது. ஜான் டேனியல் மன்றோ. நிர்வாகமும் நீதியும் அவர் கையில். இந்த மன்றோதான் பிறகு 1877-ஆம் ஆண்டு ஜூலை 11 அன்று பூஞ்ஞாற்றுத் தலைவரிடம் இருந்து கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கினார்: ஏறக்குறைய 227 சதுர மைல், ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய் குத்தகை. மூணாற்றுத் தேயிலைக் கதை அங்கே தொடங்குகிறது. ஏல நாட்டிலோ கம்பெனி வரவில்லை. துண்டு துண்டான சிறு தோட்டங்களே நிலைத்தன. தேயிலைக்கு மரத்தை அழித்தாக வேண்டும், தொழிற்சாலை வேண்டும், பெருமுதல் வேண்டும். ஏலத்துக்கு மரம் நிற்க வேண்டும், ஒரு குடும்பமும் சில ஆட்களும் போதும். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் அடிவாரத்துச் சிறுமுதலாளிகள் காலூன்ற முடிந்ததற்கு இந்தச் செடியின் குணமும் ஒரு காரணம்.

1896-இல் அரசு தனியுரிமையைக் கைவிட்டு நிலவரிக்கு மாறியது. இனிக் காய் விளைவித்தவருக்கே சொந்தம். மறு ஆண்டு, 1897-இல், ஏலமலைக் காப்புக்காடு பற்றிய அறிவிப்பு வந்தது. அதில் குறித்த பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற வாதம் நூறாண்டு கடந்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. முன்னால் ஓர் எண் இருப்பதும் இல்லாததும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பட்டாவைத் தீர்மானிக்கிறது.

தனியுரிமை ஒழிந்ததும் சரக்கின் திசை திரும்பியது. இரவில் ஒளிந்து இறங்கிய காய் பகலில் இறங்கியது. பொதிமாடும் தலைச்சுமையும் மெட்டுப் பாதையில் நாள்தோறும் நடந்தன. போடியில் கிட்டங்கிகள் எழுந்தன. விருதுநகர் வணிகர்கள் வாங்க வந்தார்கள். மேலே போகிறவர்களுக்கு அரிசி, பருப்பு, கருவாடு, கம்பளி எல்லாம் இங்கிருந்தே. 1906-இல் மதுரை மாவட்ட விவரச்சுவடியை எழுதிய பிரான்சிஸ், ஊரின் செழிப்பை மலைத்தோட்டங்களோடு சேர்த்துத்தான் பார்க்கிறார். ஜமீனின் கண்மாய்கள் அதே அளவில்தான் இருந்தன. கடைத்தெரு நீண்டுகொண்டே போனது.

*

அந்தச் செழிப்புக் காலத்தில் சீமையை நடத்தியவர் ஒரு பெண். காமராஜ பாண்டிய நாயக்கர் மறைந்தபின் பொறுப்பேற்ற அவர் மனைவி காமுலம்மாள். ஜமீன்தாரிணி காமுலம்மாள் நினைவுப் பள்ளி என்ற பெயரைப் போடிக்காரர்கள் ஜ.கா.நி. என்று சுருக்கிவிட்டார்கள், அங்கே படித்த எத்தனை பேருக்கு அந்த 'கா' யாரென்று தெரியும் என்பது கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. 1908-ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம் குடியானவரை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி செய்தது அவர் காலத்தில்தான். ஆக, கீழே வயலில் ஜமீனின் பிடி தளர்ந்தது. மேலே காட்டில் அதற்குப் பிடியே இல்லை. இடையில் இருந்த சரிவில் மட்டும் அதன் பேச்சு எடுபட்டது.

அந்தச் சரிவின் வழியாக அப்போது வேறொரு சரக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. மூணாற்றுத் தேயிலை. 1902-இல் மூணாற்றில் இருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. எவிங் முறை, இழுத்தவை மாடுகள். 1908-இல் இரண்டடி அகலப் பாதையாக மாற்றி நீராவி எஞ்சின் விட்டார்கள். டாப் ஸ்டேஷனில் இருந்து கம்பிவடம் தேயிலைப் பெட்டிகளை அந்தரத்தில் கொட்டகுடிப் பக்கம் இறக்கும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி, பிறகு அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம், அப்புறம் தூத்துக்குடித் துறைமுகம். குரங்கணிக்கு மேலே 'சென்ட்ரல்' என்று ஒரு சிற்றூருக்குப் பெயர் இருப்பது இந்த வடத்தின் நடுநிலையத்தால். முதுவர் குடிக்கும் பளியர் குடிக்கும் நடுவே ஆங்கிலப் பெயர் சுமந்த ஊர் முளைத்தது.

1924 ஜூலையில் மலையாள நாடு மறக்காத பெருவெள்ளம் வந்தது. குண்டளை ரயில்பாதையை அது அடியோடு வாரிக்கொண்டு போயிற்று, மீண்டும் போடவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 1928-இல், மதுரையில் இருந்து போடிக்கு ரயில் வந்தது. மேலே ரயில் போன பிறகு கீழே ரயில்! 1931-இல் ஆலுவாய்–மூணாறு சாலை திறந்து தேயிலையை மேற்கே இழுக்கத் தொடங்கியது. போடிக்கு மிஞ்சியது ஏலம். ஒருவகையில் நல்லதாயிற்று என்பேன். தேயிலைக்குப் போடி வழிப்போக்கு நிலையம்தான். ஏலத்துக்கு அதுவே வீடு. இரண்டாம் உலகப் போரின்போது மதுரை–போடி ரயிலின் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் மறுபடி போட்டார்கள். 2010 இறுதியில் அகலப்பாதைக்காக மறுபடி நிறுத்தி, 2023 ஜூன் 15 அன்று மறுபடி விட்டார்கள். இத்தனை தடவை செத்துப் பிழைத்த பாதை தமிழ்நாட்டில் அபூர்வம்.

உச்சியில் ஒரே ஒரு தேயிலைத் துண்டு போடிப் பக்கமே தங்கியது: கொழுக்குமலை. ஏழாயிரம் அடிக்கு மேல். தேனி மாவட்டத்து நிலம், ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லியைச் சுற்றித்தான் போக வேண்டும். கீழே குரங்கணியில் இருந்து கால்நடைப் பாதை மட்டும்.

*

1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. சீமையின் நிலங்கள் ரயத்துவாரி முறைக்குப் போயின, காடுகள் அரசுடையதாயின. சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மாகாணம் முழுவதும் பல ஜமீன்தார்கள் கையில் இருக்கும்போதே மரத்தைக் காசாக்க முனைந்தார்கள். அதைத் தடுக்கவென்றே தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை 1949-இல் கொண்டுவர வேண்டியிருந்தது. நூற்றாண்டுக்கணக்கில் காட்டைக் காத்தவர்கள் ஜமீன்தார்கள் என்று இன்று சிலர் பெருமூச்சு விடும்போது இந்தச் சட்டத்தின் ஆண்டையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களுக்காகத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியும் அவை கேரளத்தில் நின்றன. உடும்பன்சோலையும் அப்படியே. போடிக்காரரின் தோட்டம் இனி வேறு மாநிலத்தில். வீட்டுவரி தமிழில், தோட்டத்து வரி மலையாளத்தில். தினமும் விடிவதற்குள் போடி, தேவாரம், கம்பத்தில் இருந்து ஜீப்புகள் நெருக்கியடித்த கூலிப்பெண்களோடு மெட்டு ஏறுகின்றன; பொழுது சாயும்போது இறங்குகின்றன. ஜமீன் இருந்தபோதும் எல்லை இருந்தது. அன்று காயைத்தான் சோதித்தார்கள், இன்று ஆளையும் சோதிக்கிறார்கள்.

மேலே செடியும் மாறிவிட்டது. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசஃப் தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் 1990-களில் மலை முழுவதும் பரவியது. பழைய ரகங்களைவிடப் பல மடங்கு காய். அதற்கு நிழல் குறைவாகவும் நீரும் உரமும் மருந்தும் கூடுதலாகவும் வேண்டும். ஆகவே பெருமரங்களின் கிளை கழிக்கப்பட்டது. பறித்த காயை உலர்த்தும் 'ஸ்டோர்'களுக்கு விறகு வேறு. பச்சை நிறம் மாறாமல் ஒரு நாள் முழுவதும் மிதமான சூட்டில் வைத்தெடுக்க வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ ஆகும். எந்த நிழலில் செடி வளர்ந்ததோ அந்த நிழலே அடுப்புக்குள் போயிற்று. சோலைக்குள் புகுந்த ஏலத்தோட்ட ஆக்கிரமிப்புகளை அகற்றிய பிறகு, பூப்பாறைக்கு அருகே மதிகெட்டான் சோலையின் 12.82 சதுர கிலோமீட்டரை 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவித்துக் காக்க வேண்டி வந்தது. 2024 கோடையில் மழை பொய்த்தபோது, நிழல் மெலிந்த தோட்டங்களில் செடிகள் ஏக்கர் கணக்கில் கருகின. வெளிச்சத்தை அளந்து உள்ளே விட்ட பழைய ஆட்களின் நடுவழி, சிக்கனமான வழியும்கூட.

சரிவிலும் ஒரு துயரம் நடந்தது. கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் நடுவே சோலை குறைந்து புல் மிகுந்த முகடுகள் உண்டு. மாசியில் அந்தப் புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும். 2018 மார்ச் 11 அன்று அங்கே பரவிய தீயில் சிக்கி, மலையேற்றத்துக்கு வந்த 23 பேர் இறந்தார்கள். அடிவாரத்தார் மாசி, பங்குனியில் அந்தப் பாதையில் அஞ்சி நடப்பார்கள். வெளியூரில் இருந்து வந்த இளைஞர்களுக்கு மலை ஒரு காட்சி. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மலையின் நாட்காட்டியைத் தெரிந்தவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

வணிகத்தில் மட்டும் போடி இன்னும் தன் இடத்தை விடவில்லை. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஏலக்காய் வாரியம் 1980-களில் நறுமணப் பொருள் வாரியத்துக்குள் அடங்கியது. அதன் மின்னணு ஏலம் போடியிலும் கேரளத்துப் புத்தடியிலும் மாறி மாறி நடக்கிறது. வணிகர்கள் கணினித் திரைக்கு முன் உட்கார்ந்து, தட்டில் வரும் மாதிரிக் காயைக் கிள்ளி, முகர்ந்து, விசையை அழுத்துகிறார்கள். 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்டது. அந்த வாரம் போடிக்கடைத்தெருவில் வேறு பேச்சே இல்லை. விலையை இறக்கவும் ஏற்றவும் இப்போது குவாத்தமாலாவும் ஒரு கை பார்க்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கொண்டுபோன செடி இன்று இந்தியாவோடு உலகச் சந்தையில் மல்லுக்கு நிற்கிறது. போடிக் கிட்டங்கியில் சலித்து, எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று தரம் பிரித்து மூட்டை கட்டும் பச்சைக் காய்க்கு உலக வணிகத்தில் இன்றும் 'ஆலப்புழைப் பச்சை' என்றே பெயர். தனியுரிமை ஒழிந்து நூற்றிருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் திருவிதாங்கூர்ப் பண்டகசாலையின் முத்திரை மூட்டையில் இருந்து போகவில்லை.

அடுத்த இதழில் போடியில் இருந்து தெற்கே தேவாரத்துக்கு. ஜமீனும் மெட்டும் இருந்தும் அங்கே மலைக்கு மேலே வண்டிச்சாலை ஏன் வரவில்லை என்பதைப் பார்ப்போம்.

(தொடரும்)